ரெசனன்ட் டனலிங் டையோடை மடிக்கணினியில் மாடல் செய்வது எப்படி

எம்.இ. மாணவர்களுக்கு நான் டிவைஸ் மாடலிங் எடுக்கிறேன். விருதுநகர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி. பிராஜெக்ட் காலம் வந்ததும் என் மேசைக்கு வரும் முதல் கேள்வி, "மேடம், எந்த டூல் எடுக்கிறது?" என்பதுதான். லைசென்ஸ் விலையைக் கேட்டதும் அந்தப் பேச்சு அடங்கிவிடும். அடுத்த வாரம் யாராவது ஒரு பென்டிரைவில் எங்கிருந்தோ இறக்கிய கோடுடன் (கணினி நிரலுடன்) வந்து நிற்பார். ஓட்டினால் வண்ண வண்ணமாகப் படம் வரும்.

"மேடம், கர்வ் வந்திருச்சு."

"வந்திருச்சு சரி. அது சரியான கர்வ்னு எப்படிப்பா தெரியும்?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்தவருக்கு டூல் பெரிய விஷயமே இல்லை. பைத்தானும் அதன் கணிதத் தொகுப்பான நம்பையும் போதும், அல்லது ஆக்டேவ் என்ற இலவச மென்பொருள். நான்கு ஜிபி நினைவகம் உள்ள பழைய மடிக்கணினியிலேயே எல்லாம் ஓடும். கோடு நூறு வரியைத் தாண்டாது. ஒவ்வொரு படியிலும் கையால் போட்ட விடையோடு ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. இந்தக் குறிப்பு முழுக்க அந்த ஒத்துப்பார்த்தலைப் பற்றியதுதான்.

எந்த டிவைஸ்

எல்லோருக்கும் முதலிலேயே டிரான்சிஸ்டர் வேண்டும், அதுவும் "3 நானோமீட்டர்" டிரான்சிஸ்டர். அந்த 3 என்பது தொழிற்சாலைத் தலைமுறையின் பெயர். அந்தச் சிப்பில், டிரான்சிஸ்டரைத் திறந்து மூடும் கேட்டின் நீளம் 3 நானோமீட்டர் கிடையாது, அதைவிடப் பல மடங்கு பெரிது. பெயரை அளவாக எடுத்துக்கொண்டு மாடல் கட்டினால் இல்லாத ஒரு பொருளை மாடல் செய்தவராவீர்கள்.

ரெசனன்ட் டனலிங் டையோடில் தொடங்குங்கள். எலக்ட்ரான் தன் ஆற்றலைவிட உயரமான தடையையும் ஊடுருவிக் கடப்பதுதான் டனலிங். எலக்ட்ரான் ஓடும் திசையில் மட்டும் கணக்குப் போட்டால் போதும். காலியம் ஆர்சனைடுக்கு நடுவே அலுமினியம் காலியம் ஆர்சனைடில் இரண்டு மெல்லிய தடைகள், அவற்றுக்கு இடையே ஒரு கிணறு. அவ்வளவுதான் அமைப்பு. ஐபிஎம் ஆய்வகத்தில் ரஃபேல் சுவும் லியோ எசாகியும் 1973இல் இதன் கணக்கை எழுதினார்கள். 1974இல் லெராய் சாங்கும் அவர்கள் இருவரும் சேர்ந்து அடுக்கடுக்காகப் படிகம் வளர்த்து அளந்து காட்டினார்கள். கணக்கு முன்னால், அளவீடு பின்னால். மாடல் செய்யப் பழகுபவருக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. வோல்டேஜைக் கூட்டும்போது மின்னோட்டம் குறைகிற ஒரு பகுதி இதில் உண்டு. அந்தச் சரிவைத்தான் நாம் வரவழைக்கப் போகிறோம்.

நாம் எடுக்கும் அளவுகள் இவை: இடப்பக்கம் 9 நானோமீட்டர் சமதளம், 3 நானோமீட்டர் தடை, 6 நானோமீட்டர் கிணறு, மறுபடி 3 நானோமீட்டர் தடை, வலப்பக்கம் 9 நானோமீட்டர் சமதளம். மொத்தம் 30. தடையின் உயரம் 0.3 எலக்ட்ரான் வோல்ட். எலக்ட்ரானின் எஃபெக்டிவ் மாஸ், அதாவது படிகத்துக்குள் அதற்கு இருப்பதாகத் தோன்றும் நிறை, வெற்றிடத்தில் உள்ள நிறையில் 0.067 பங்கு. தடைக்குள் உண்மையில் நிறை கொஞ்சம் கூடும், 0.09ஐ ஒட்டி வரும். ஆனால் முதல் சுற்றில் எல்லா இடத்திலும் 0.067 என்றே வைத்துக்கொள்ளுங்கள். கையால் போடும் விடைகள் அப்போதுதான் எளிதாக இருக்கும்.

கிரிட்

30 நானோமீட்டரை 0.3 நானோமீட்டர் இடைவெளியில் நறுக்கினால் 100 புள்ளிகள். ஷ்ரோடிங்கர் சமன்பாட்டின் இரண்டாம் வகைக்கெழுவை அண்டைப் புள்ளிகளின் வித்தியாசமாக எழுதினால் 100க்கு 100 அணி ஒன்று கிடைக்கும். எலக்ட்ரானின் மொத்த ஆற்றலைக் குறிக்கும் இந்த அணிதான் ஹாமில்டோனியன். மூலைவிட்டத்திலும் அதன் இரு பக்கத்திலும் மட்டுமே எண்கள் இருக்கும், மற்ற இடமெல்லாம் பூஜ்யம்.

அந்த எண்களைத் தீர்மானிப்பது, அண்டைப் புள்ளிகளை இணைக்கும் ஹாப்பிங் ஆற்றல். பிளாங்க் மாறிலியை இரண்டு பையால் வகுத்து, வர்க்கப்படுத்தி, நிறையின் இரு மடங்காலும் கிரிட் இடைவெளியின் வர்க்கத்தாலும் வகுக்க வேண்டும். ஜூலிலும் கிலோகிராமிலும் தொடங்கினால் பத்தின் மைனஸ் அடுக்குகளில் தொலைந்து போவீர்கள். வெற்றிட எலக்ட்ரானுக்கு இந்தத் தொகுதி 0.0381 எலக்ட்ரான் வோல்ட் சதுர நானோமீட்டர் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். 0.067ஆல் வகுத்தால் 0.5686. அதை 0.3இன் வர்க்கமான 0.09ஆல் வகுத்தால் 6.32 எலக்ட்ரான் வோல்ட். மூலைவிட்டத்தில் இதன் இரு மடங்கு, அதாவது 12.64, அதோடு அந்தப் புள்ளியின் பொட்டென்ஷியல். பக்கத்து இடங்களில் மைனஸ் 6.32.

இடைவெளி ஏன் 0.3? கிரிட்டில் வரும் ஆற்றல்–அலையெண் உறவு ஒரு கொசைன் வளைவு. அதன் அடிப்பகுதி மட்டுமே பரவளையத்தோடு ஒட்டும். பிழை ஏறக்குறைய, எலக்ட்ரானின் ஆற்றலை ஹாப்பிங் ஆற்றலின் பன்னிரண்டு மடங்கால் வகுத்தால் வரும் பின்னம். 0.3 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுக்கு அது 0.4 சதவீதம். இடைவெளியை 0.5 ஆக்கினால் ஹாப்பிங் 2.27க்கு இறங்கிப் பிழை ஒரு சதவீதத்தைத் தாண்டும். 0.1 என்று நறுக்கினால் புள்ளிகள் மூன்று மடங்காகும், நேரம் கூடும், லாபம் சொற்பம். சிலர் இந்த இடைவெளியைப் படிகத்தின் அணு இடைவெளி என்று நினைத்துக்கொண்டு 0.565தான் போட வேண்டும் என்று அடம்பிடிப்பார்கள். எஃபெக்டிவ் மாஸ் மாடலில் அணுவே கிடையாது. கிரிட் நம் வசதிக்கு நாம் போட்டுக்கொண்டது.

முனைகள்

இந்த வேலையில் கஷ்டமான இடம் எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். 100 புள்ளிகளோடு அணியை நிறுத்திவிட்டால் எலக்ட்ரான் ஒரு பெட்டிக்குள் அடைபட்டுவிடும். உள்ளே நுழையவும் முடியாது, வெளியேறவும் முடியாது. ஆனால் உண்மையான டிவைஸின் இரு முனையும் பெரிய உலோகத் தொடர்புகளுக்கு (கான்டாக்டுகளுக்கு) திறந்திருக்கிறது. முடிவில்லாமல் நீளும் அந்தத் தொடர்பை நம் அணிக்குள் எப்படிக் கொண்டுவருவது?

என்.ஈ.ஜி.எஃப். (நான்-ஈக்விலிப்ரியம் கிரீன்ஸ் ஃபங்ஷன்) முறையின் அழகு இங்கேதான். முடிவில்லாத தொடர்பு முழுவதையும் ஒரே ஒரு சிக்கலெண்ணாகச் சுருக்கி முனைப் புள்ளியில் வைத்துவிடலாம். அதற்கு செல்ஃப் எனர்ஜி என்று பெயர். இந்த முறையின் வேர் 1960களில் எழுந்த பலதுகள் இயற்பியலில் இருக்கிறது. அதை எலக்ட்ரிகல் மாணவருக்குப் புரியும் அணிக்கணக்காக மாற்றிப் பரப்பியவர்களில் முக்கியமானவர் சுப்ரியோ தத்தா. ஐஐடி கரக்பூரில் படித்து, பர்டூ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர்.

செய்முறை இது. ஒரு ஆற்றலைத் தேர்ந்தெடுங்கள். அந்த ஆற்றலிலிருந்து முனைப் புள்ளியின் பொட்டென்ஷியலைக் கழித்து, ஹாப்பிங்கின் இரு மடங்கால் வகுத்து, அதை ஒன்றிலிருந்து கழியுங்கள். வருவது ஒரு கோணத்தின் கொசைன். அந்தக் கோணம்தான் அலையெண்ணையும் கிரிட் இடைவெளியையும் பெருக்கிய மதிப்பு. மைனஸ் ஹாப்பிங்கை, அந்தக் கோணத்தைக் கற்பனையெண்ணோடு பெருக்கி எடுத்த எக்ஸ்பொனென்ஷியலால் பெருக்கினால் செல்ஃப் எனர்ஜி. இடத் தொடர்புக்கு முதல் புள்ளியில் ஒன்று, வலத் தொடர்புக்குக் கடைசிப் புள்ளியில் ஒன்று. இரண்டு முனையின் பொட்டென்ஷியலும் வேறுவேறாக இருந்தால் கோணங்களும் வேறு. வோல்டேஜ் கொடுத்த பிறகும் இரண்டுக்கும் ஒரே கோணத்தைப் போட்டுக்கொண்டிருப்பதை நான் நிறையப் பார்க்கிறேன்.

பிறகு ஆற்றல் பெருக்கல் அலகு அணியிலிருந்து ஹாமில்டோனியனையும் இரண்டு செல்ஃப் எனர்ஜிகளையும் கழித்து நேர்மாறு எடுங்கள். அது கிரீன்ஸ் ஃபங்ஷன். செல்ஃப் எனர்ஜியின் கற்பனைப் பகுதியை மைனஸ் இரண்டால் பெருக்கினால் காமா. எலக்ட்ரான் அந்த முனை வழியாக எவ்வளவு வேகமாகத் தப்பிக்கிறது என்பதை அது சொல்லும். இடது காமா, வலது காமா, கிரீன்ஸ் ஃபங்ஷனின் முதல் புள்ளிக்கும் கடைசிப் புள்ளிக்கும் இடையிலான உறுப்பின் அளவின் வர்க்கம், இம்மூன்றையும் பெருக்கினால் டிரான்ஸ்மிஷன். அந்த ஆற்றலில் உள்ளே வந்த எலக்ட்ரானில் எத்தனை பங்கு மறுபக்கம் போகிறது என்பது இதுதான்.

எக்ஸ்பொனென்ஷியலின் குறி பிளஸாக இருக்க வேண்டும். ஒரு முனையில் மட்டும் மைனஸ் போட்டால், தடையே இல்லாத கம்பிக்கு அணி நேர்மாறு இல்லாததாகிவிடும், எண்கள் வெடித்துச் சிதறும். அது நல்லது, தவறு உடனே தெரிந்துவிடுகிறது. இரண்டு முனையிலும் சேர்த்து மைனஸ் போட்டால்தான் ஆபத்து. டிரான்ஸ்மிஷன் துளியும் மாறாமல் சரியாகவே வரும், ஏனென்றால் இரண்டு காமாவின் மைனஸும் பெருக்கலில் அடித்துப் போய்விடும். எலக்ட்ரான் அடர்த்தியைக் கணக்கிடும் நாளில்தான் அடர்த்தி மைனஸில் நிற்கும். அதற்குள் பிராஜெக்ட் பாதி முடிந்திருக்கும். எனவே முதல் நாளே இரண்டு காமாவையும் திரையில் அச்சிட்டு, பாசிட்டிவா என்று பாருங்கள்.

தடை போடும் முன்பும் போட்ட பின்பும்

தராசை நம்பும் முன் தெரிந்த எடைக்கல்லை வைத்துப் பார்ப்பது போல, விடை தெரிந்த கணக்குகளை முதலில் கொடுங்கள்.

முதல் கல், தடையே இல்லாத கம்பி. எல்லாப் புள்ளியிலும் பொட்டென்ஷியல் பூஜ்யம். ஆற்றல் பூஜ்யத்துக்கு மேலே எங்கும் டிரான்ஸ்மிஷன் சரியாக 1 வர வேண்டும். 0.998 வந்தால் "கிட்டத்தட்ட சரி" என்று விடாதீர்கள். இங்கே கிட்டத்தட்ட என்ற பேச்சே இல்லை, பத்துத் தசம இடத்துக்கு 1 வரும். பூஜ்யத்துக்குக் கீழே சரியாக 0. ஆற்றலைச் சரியாகப் பூஜ்யத்தில் தொடங்காதீர்கள், அந்த இடத்தில் அணிக்கு நேர்மாறு இல்லை. 0.001இல் தொடங்குங்கள். கூடவே ஒவ்வொரு புள்ளியிலும் நிலையடர்த்தியை வரையுங்கள். கிரீன்ஸ் ஃபங்ஷனின் மூலைவிட்ட உறுப்பின் கற்பனைப் பகுதியை மைனஸ் பையால் வகுத்தால் அது கிடைக்கும். கோடு மட்டமாக இருக்க வேண்டும். அதில் அலை தெரிந்தால் முனையில் எலக்ட்ரான் மோதித் திரும்புகிறது என்று பொருள். செல்ஃப் எனர்ஜி தவறு.

டிரான்ஸ்மிஷன் 1 என்றால் அந்தக் கம்பியின் கடத்துத்திறன் 77.5 மைக்ரோ சீமென்ஸ். மின்தடையாகச் சொன்னால் 12.9 கிலோ ஓம். ஒரு குறையும் இல்லாத கம்பிக்கு ஏன் மின்தடை என்று வகுப்பில் எப்போதும் ஒருவர் கேட்பார். அது கம்பியின் மின்தடை இல்லை, அகலமான தொடர்பிலிருந்து ஒரே ஒரு பாதைக்குள் நுழைவதற்கான மின்தடை. 1988இல் நெதர்லாந்தில் ஒரு குழுவும் இங்கிலாந்தில் ஒரு குழுவும் தனித்தனியே இந்தப் படிக்கட்டை அளந்தார்கள். வழியை அகலமாக்க அகலமாக்க, கடத்துத்திறன் 77.5இன் மடங்குகளாக ஏறியது.

இரண்டாம் கல், ஒற்றைத் தடை. 0.3 எலக்ட்ரான் வோல்ட் உயரம், 3 நானோமீட்டர் அகலம். ஆற்றலை உயரத்தில் சரிபாதியாக, 0.15 என்று வையுங்கள். பாடப்புத்தகத்தில் நீளமாக இருக்கும் டனலிங் சூத்திரம் இந்த ஒரு ஆற்றலில் மட்டும் மிகச் சுருங்கிவிடும்: ஹைபர்போலிக் கொசைனின் வர்க்கத்தின் தலைகீழ். உள்ளே போட வேண்டிய எண், 0.15ஐ 0.5686ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்து, 3ஆல் பெருக்கியது. 1.541 வரும். டிரான்ஸ்மிஷன் 0.168. கால்குலேட்டரில் அரை நிமிட வேலை.

உங்கள் கோடும் 0.168 சொல்கிறதா? 0.126 சொன்னால் காரணத்தை நான் இங்கிருந்தே சொல்வேன்: தடையில் 11 புள்ளிகள் போட்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு புள்ளியும் 0.3 நானோமீட்டருக்குப் பிரதிநிதி. 3 நானோமீட்டருக்கு 10 புள்ளிதான். பைத்தானில் எண்ணிக்கை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற குழப்பத்தில் ஒரு புள்ளி கூடிவிடும். ஒரே ஒரு புள்ளிக்கு டிரான்ஸ்மிஷன் கால் பங்கு குறைகிறது. டனலிங் எக்ஸ்பொனென்ஷியல் என்று பரீட்சையில் எழுதுவது வேறு, அதன் சூட்டை இப்படி உணர்வது வேறு. தடையை 6 நானோமீட்டர் ஆக்கிப் பாருங்கள், 0.0084 வரும். அகலம் இரண்டு மடங்கு, கடப்பது இருபதில் ஒரு பங்கு.

இரண்டு தடைகள்

இப்போது முழு அமைப்பு: 30 புள்ளி, 10, 20, 10, 30. ஓட்டும் முன் கிணற்றின் ஆற்றல் நிலையைக் கையால் போட்டுக்கொள்ளுங்கள். முடிவிலாக் கிணற்றின் சூத்திரத்தைப் போட்டால் 0.156 வரும். அது இங்கே உதவாது, நம் தடை 0.3 உயரம்தானே. அலை தடைக்குள் வெகுவாகக் கசிகிறது, நிலை கீழே இறங்குகிறது. முடிவுள்ள கிணற்றுக்கு ஒரு சிறு சமன்பாடு உண்டு: ஒரு கோணத்தின் கொசைன், அந்தக் கோணத்தை 2.18ஆல் வகுத்ததற்குச் சமம். 2.18 என்பது 0.3ஐ 0.5686ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்து, கிணற்றின் பாதி அகலமான 3ஆல் பெருக்கியது. நான்கைந்து முறை தட்டிப் பார்த்தால் கோணம் 1.06 என்று தெரியும். அதை 3ஆல் வகுத்து வர்க்கப்படுத்தி 0.5686ஆல் பெருக்கினால் 0.071 எலக்ட்ரான் வோல்ட். சைனை வைத்து அதே போலச் செய்தால் இரண்டாம் நிலை 0.25 பக்கம்.

கோடை ஓட்டுங்கள். 0.071ஐ ஒட்டி ஊசி போல் ஒரு சிகரம் எழும், உச்சி 1ஐத் தொடும். இது சாதாரண விஷயமில்லை. அந்த ஆற்றலில் ஒரு தடை தனியாக 6 சதவீதம் எலக்ட்ரானைத்தான் விடும். இரண்டையும் பெருக்கினால் 0.4 சதவீதம். ஆனால் கிணற்றுக்குள் முன்னும் பின்னும் மோதும் அலைகள் ஒன்று சேர்ந்து நூறு சதவீதமும் கடந்துவிடுகின்றன. இத்தனை வருடம் இதை நடத்தியும் அந்தச் சிகரம் 1ஐத் தொடும்போது எனக்கு அலுக்கவில்லை.

சிலருக்குச் சிகரமே வராது. அல்லது 0.3, 0.4 என்று குட்டையாக நிற்கும், ஒவ்வொரு முறை ஆற்றல் இடைவெளியை மாற்றும்போதும் உயரம் மாறும். பயப்பட வேண்டாம். இந்தச் சிகரத்தின் அகலம் சுமார் 3 மில்லி எலக்ட்ரான் வோல்ட்தான். எலக்ட்ரான் கிணற்றில் தங்கும் நேரம் கால் பிக்கோ விநாடிக்குச் சற்றுக் குறைவு, அந்தத் தங்கலிலிருந்து வருவதே அந்த அகலம். நீங்கள் 10 மில்லி இடைவெளியில் ஆற்றலைத் தாண்டித் தாண்டிப் போனால் சிகரம் இரண்டு கால்களுக்கு நடுவே தப்பிவிடும். 0.2 மில்லி இடைவெளி வையுங்கள். தடையை 5 நானோமீட்டர் ஆக்கினால் அகலமும் 0.2 மில்லிக்குச் சுருங்கும், அப்போது இடைவெளியை இன்னும் பத்தில் ஒரு பங்காக்க வேண்டும். சிகரத்துக்குப் பக்கத்தில் மட்டும் நெருக்கமாகவும் மற்ற இடங்களில் தளர்வாகவும் ஆற்றல் புள்ளிகளை வைப்பது நல்ல பழக்கம். 0.25 பக்கத்துச் சிகரம் பல மடங்கு அகலம். தடையின் உச்சிக்கு அருகில் இருப்பதால் கசிவு அதிகம், இடமும் கைக்கணக்கிலிருந்து கொஞ்சம் விலகும். அது பிழையல்ல.

1க்கு மேலே போனால் மட்டும் அது பிழைதான். ஒற்றைப் பாதையில் 1.02கூட வரக்கூடாது.

மின்னோட்டம்

ஐபிஎம் இயற்பியலாளர் ரோல்ஃப் லாண்டவர் 1957இல் விதைத்த கருத்து: டிரான்ஸ்மிஷனை இரு பக்கத்து ஃபெர்மி சார்புகளின் (ஒரு ஆற்றலில் எலக்ட்ரான் இருக்கும் வாய்ப்பைச் சொல்பவை) வித்தியாசத்தால் பெருக்கி, எல்லா ஆற்றலுக்கும் கூட்டினால் மின்னோட்டம். ஆற்றலை எலக்ட்ரான் வோல்ட்டில் வைத்தால் முன்னால் பெருக்க வேண்டிய எண் 77.5 மைக்ரோ ஆம்பியர். ஸ்பின்னுக்கான இரண்டு அதிலேயே சேர்ந்திருக்கிறது, மறுபடி இரண்டால் பெருக்காதீர்கள்.

இடது ஃபெர்மி மட்டத்தை, அதாவது அந்த வாய்ப்பு பாதியாகும் ஆற்றலை, 0.05 எலக்ட்ரான் வோல்ட்டில் வையுங்கள். கன சென்டிமீட்டருக்குப் பத்தின் 18ஆம் அடுக்கு அளவு டோப்பிங்குக்கு (எலக்ட்ரான் தருவதற்காகச் சேர்க்கும் கலப்பு அணுக்களுக்கு) இது பொருத்தமான எண். வோல்டேஜ் கொடுக்கும்போது இடப்பக்கச் சமதளம் அப்படியே இருக்கட்டும், தடை–கிணறு–தடை என்ற 12 நானோமீட்டரில் பொட்டென்ஷியல் நேர்கோடாகச் சரியட்டும், வலப்பக்கம் முழுவதும் கீழிறங்கிய மட்டத்தில் இருக்கட்டும். வலது ஃபெர்மி மட்டமும் அதே அளவு இறங்கும்.

இனி என்ன நடக்கும் என்று ஓட்டும் முன்பே சொல்லிவிடலாம். கிணறு நடுவில் இருப்பதால் கொடுத்த வோல்டேஜில் பாதி அளவு அதன் நிலை இறங்கும். 0.071இல் இருந்த நிலை, 0.14 வோல்ட் கொடுக்கும்போது இடது தொடர்பின் அடிமட்டத்துக்கு வந்துவிடும். அதற்குக் கீழே இடப்பக்கம் எலக்ட்ரானே இல்லை. ஆக மின்னோட்டம் ஏறிக்கொண்டே வந்து 0.14 வோல்ட்டுக்குள் உச்சம் தொட்டு, பிறகு சரிய வேண்டும். அதே போல உச்ச மின்னோட்டத்தையும் மதிப்பிடலாம்: சிகரத்தின் பரப்பு சுமார் 0.0044 எலக்ட்ரான் வோல்ட், 77.5ஆல் பெருக்கினால் ஒரு மைக்ரோ ஆம்பியரில் மூன்றில் ஒரு பங்கு. வோல்டேஜ் கொடுத்ததும் இரு தடைகளும் சமச்சீர் இழப்பதால் எண் கொஞ்சம் நகரும். ஆனால் உங்கள் கோடு 30 மைக்ரோ ஆம்பியர் என்றால் எங்கேயோ நூறு மடங்கு தவறு.

பூஜ்ய வோல்ட்டில் மின்னோட்டம் பூஜ்யமா, வோல்டேஜைத் தலைகீழாக்கினால் அதே மின்னோட்டம் மைனஸில் வருகிறதா என்பதையும் பாருங்கள். அமைப்பு சமச்சீரானது, விடையும் அப்படியே இருக்க வேண்டும். வரவில்லையென்றால் பெரும்பாலும் கிணற்றின் இருபுறத் தடைகளில் புள்ளி எண்ணிக்கை வேறுபட்டிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. இது ஒற்றைப் பாதையின் மின்னோட்டம். இதை ஏதோ ஒரு பரப்பால் வகுத்துச் "சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை ஆம்பியர்" என்று ஆய்வுக் கட்டுரைகளோடு ஒப்பிடக் கூடாது. உண்மையான டையோடில் எலக்ட்ரான் குறுக்குவாட்டிலும் ஓடுகிறது. அந்த ஓட்டங்களையெல்லாம் கூட்டினால் ஃபெர்மி சார்பின் இடத்தில் ஒரு லாகரிதம் வரும்: ஒன்றோடு, ஃபெர்மி மட்டத்திலிருந்து ஆற்றலைக் கழித்து வெப்ப ஆற்றலால் வகுத்ததன் எக்ஸ்பொனென்ஷியலைக் கூட்டி லாகரிதம் எடுப்பது. முன்னால் நிறையும் வெப்ப ஆற்றலும் சேர்ந்த ஒரு பெருக்கெண். 1973 கணக்கிலும் இதுதான் இருந்தது. மாற்ற வேண்டியது இரண்டே வரி.

சார்ஜும் பாய்சானும்

பொட்டென்ஷியல் நேர்கோடாகச் சரியும் என்று நாம் வைத்தது வசதிக்காக. உண்மையில் எலக்ட்ரான் அடர்த்திதான் பொட்டென்ஷியலை வளைக்கும், பொட்டென்ஷியல் அடர்த்தியை மாற்றும். கிரீன்ஸ் ஃபங்ஷனிலிருந்து அடர்த்தி, அடர்த்தியிலிருந்து பாய்சான் சமன்பாட்டின் வழியாகப் புதுப் பொட்டென்ஷியல், மறுபடி அடர்த்தி என்று சுற்ற வேண்டும். புதுப் பொட்டென்ஷியலை முழுதாக ஏற்றால் அடுத்த சுற்றில் மறுபக்கம் தாவும், நிற்கவே நிற்காது. பழையதில் 90 சதவீதம், புதியதில் 10 சதவீதம் என்று கலந்து போங்கள். பூஜ்ய வோல்ட்டில் தொடங்கி 10 மில்லி வோல்ட்டாக ஏற்றி, முந்தைய விடையையே அடுத்ததன் தொடக்கமாகக் கொடுங்கள். மாற்றம் ஒரு மில்லி எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே வந்தால் நிறுத்தலாம்.

முடிந்ததும் இரு முனைகளைப் பாருங்கள். பொட்டென்ஷியல் அங்கே மட்டமாகப் படுத்திருக்க வேண்டும். நம் டோப்பிங்குக்கு டிபை நீளம், அதாவது ஒரு சார்ஜின் தாக்கம் தணிய ஆகும் தூரம், 4 நானோமீட்டரைச் சற்றுத் தாண்டும். 9 நானோமீட்டர் சமதளம் அதன் இரு மடங்குதான், போதாமல் போகலாம். முனையில் கோடு சரிந்தபடியே வெட்டுப்பட்டிருந்தால் இரு பக்கமும் 20 நானோமீட்டராக நீட்டுங்கள். விடை மாறினால் முந்தையதை நம்பாதீர்கள். மாறாதபோது நிறுத்துங்கள்.

தடைக்குள் நிறையை 0.09 ஆக்குவதையும் இந்தக் கட்டத்தில் செய்யலாம். எல்லையில் இருக்கும் ஹாப்பிங்குக்கு இரு பக்க நிறையின் சராசரியைப் போடுங்கள், அணி சமச்சீர் கெடாது.

வெளியே ஒத்துப் பார்க்க

பர்டூவில் நடக்கும் நானோஹப் தளத்தில் கணக்கு தொடங்க காசு வேண்டாம். அங்கே ரெசனன்ட் டனலிங் டையோடுக்கென்றே ஒரு டூல், உலாவியிலேயே ஓடும். உங்கள் அமைப்பை அப்படியே அதில் கொடுத்து, சிகரங்கள் அதே ஆற்றலில் விழுகின்றனவா என்று பாருங்கள். வித்தியாசம் வந்தால் முதலில் நிறையையும் தடை உயரத்தையும் ஒப்பிடுங்கள், பெரும்பாலும் டூல் தானாக எடுத்துக்கொண்ட பொருள் மதிப்புகளில்தான் வித்தியாசம் இருக்கும். இரு பரிமாண வலை, கிராஃபீன் என்று போக விரும்பினால் பைத்தானில் க்வான்ட் என்ற இலவசத் தொகுப்பு இருக்கிறது. இந்த நூறு வரியைத் தாமே எழுதியவருக்கு அது ஒரு வாரத்தில் பிடிபடும். எழுதாமல் நேரே அதற்குப் போனவர்கள் முனைகளில் தடுக்கி விழுவதையே பார்க்கிறேன்.

டிரான்சிஸ்டருக்குப் போவதாக இருந்தால் முழு என்.ஈ.ஜி.எஃப். வேண்டாம், தடையின் உச்சியை மட்டும் பார்க்கும் மாடலில் தொடங்குங்கள். 1994இல் ஜப்பானிய ஆய்வாளர் நடோரி எழுதிய கருத்தை ஒட்டியது அது. உச்சியின் உயரத்தைக் கேட், டிரெய்ன், சோர்ஸ் மூன்றின் கெப்பாசிட்டன்ஸ்களும் அங்குள்ள சார்ஜும் சேர்ந்து தீர்மானிக்கும். ஒரு மாறி, ஒரு சமன்பாடு. கேட் முழுக் கட்டுப்பாட்டில் இருக்கும்படி வைத்து அறை வெப்பநிலையில் ஓட்டினால், மின்னோட்டம் பத்து மடங்காக ஏற 60 மில்லி வோல்ட் ஆக வேண்டும். இந்த மாடலில் அதைவிடக் குறைவாக வந்தால் நோபல் பரிசுக்கு எழுத வேண்டாம், கோடைத் திறந்து வெப்ப ஆற்றலை 0.0259 என்று போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

அறிக்கையில்

நம் மாடலில் எலக்ட்ரான் எதிலும் மோதுவதில்லை. அதிர்வு இல்லை, கலப்படம் இல்லை, எல்லையில் கரடுமுரடும் இல்லை. அதனால் சரிவின் பள்ளத்தில் மின்னோட்டம் உண்மையைவிட மிகக் குறைவாகவும், உச்சத்துக்கும் பள்ளத்துக்குமான விகிதம் அளந்ததைவிட மிகப் பெரிதாகவும் வரும். அந்த விகிதத்தை "எங்கள் டிசைனின் சாதனை" என்று எழுதிவிடாதீர்கள். உச்சம் எந்த வோல்டேஜில் வருகிறது, தடை அகலத்தை மாற்றினால் எந்தப் பக்கம் நகர்கிறது, கிணற்றைக் குறுக்கினால் என்ன ஆகிறது என்பதைச் சொல்லும் தகுதி இந்த மாடலுக்கு உண்டு. பள்ளத்தைப் பற்றிப் பேச ஃபோனான் (படிக அதிர்வு) மோதலைச் சேர்க்க வேண்டும். அதற்கு ஒவ்வொரு புள்ளியிலும் இன்னொரு செல்ஃப் எனர்ஜி வரும், அது தனி வேலை.

மாடலில் வைத்த எண்கள் ஒரு பக்கம், கையால் போட்ட விடையும் கோடு சொன்ன விடையும் அருகருகே ஒரு அட்டவணை, கிரிட்டையும் ஆற்றல் இடைவெளியையும் பாதியாக்கியபோது விடை எவ்வளவு மாறியது என்று ஒரு படம். இவை முதல் அத்தியாயத்திலேயே இருக்கட்டும். வைவாவுக்கு வரும் எக்ஸ்டர்னல் இந்தத் துறைக்காரராக இல்லாவிட்டாலும் 0.168க்குப் பக்கத்தில் 0.168 இருப்பதைப் பார்க்கத் தெரிந்தவராக இருப்பார். வண்ணப் படங்களை அதற்குப் பிறகு எத்தனை வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளுங்கள்.